கவியா அழித்த மேடு

கவியாவுக்கு என்ன வேலை என்று அடி அண்ணாமலையில் யார் கேட்டாலும் அவள் மாமியார் சந்திரம்மாளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கம்ப்யூட்டர்ல கிழிஞ்சத தைக்கிறா." கேட்டவர்கள் ஏதோ துணிக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சந்திரம்மாளும் திருத்த மாட்டாள். ஒருமுறை பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி ஜாக்கெட் துணியோடு வந்தேவிட்டாள்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் பெரிய தப்பொன்றும் இல்லை. மிக்ஸி மூடியோ கார் கைப்பிடியோ, ஒரு பொருளை ஒருவர் ஒரு சாஃப்ட்வேரில் வரைகிறார். அதை வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவருக்கு அனுப்பினால் போய்ச் சேரும்போது முழுசாகப் போய்ச் சேருவதில்லை. மேல்பரப்பு துண்டு துண்டாகப் பிரிந்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டாமல், சில இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கும். திரையில் பார்க்கும்போது முழுப் பொருளாகத்தான் தெரியும். மெஷினில் போட்டால் மெஷின் ஒப்புக்கொள்ளாது. ஒவ்வொரு இடைவெளியாகத் தேடிப் பிடித்து, ஓரங்களைச் சேர்த்து, சேராத இடத்தில் புதுத் துண்டு வைத்து மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது என்கிற அளவுக்கு மூடியபிறகுதான் அது சாலிட். அம்பத்தூரில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் கம்பெனி ஒன்றில் கவியா ஆறு வருஷமாகச் செய்துவரும் வேலை இது. அதில் கடைசி இரண்டு வருஷமாக இந்த வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து செய்கிறாள்.

மாடி அறைக்கு அவள் வந்ததற்குக் காரணம் புருஷன் திருமலை. செங்கம் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடும் வண்டி அவன் ஓட்டியது. ஒரு கையில் ஒரு கேன், தோளில் ஒன்று என்று மூன்றாவது மாடிவரை ஏறுவான். கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த டிராக்டர் ட்ரெய்லர் அவனை வண்டியோடு சேர்த்து நசுக்கியது. இடது கால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிச்சம். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், அதுவரை வாரக்கடைசியில் மட்டும் ஊருக்கு வந்துபோன கவியாவிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதலில் போட்ட செயற்கைக்கால் அவனுக்கு ஒத்துவரவில்லை. மாவுக்கட்டு வைத்து அளவெடுத்துச் செய்தது. கால் நுழைகிற கிண்ணம் போன்ற பகுதி, சாக்கெட் என்பார்கள், அது போட்ட பத்தாம் நாளே புண்ணாக்கியது. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டவன் ஒருநாள் கழற்றிப் பரண்மேல் எறிந்தான். அதிலிருந்து அக்குள் கட்டைதான். தண்ணீர் கம்பெனியில் ஃபோன் எடுத்து ஆர்டர் எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். வண்டி ஓட்டியவனுக்கு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று அவன் சொன்னதில்லை. ஆனால் வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் எழுந்து வாசல்வரை போய்வருவான் என்று அங்கே வேலை செய்தவர்கள் கவியாவிடம் சொல்லியிருந்தார்கள்.

ஆவணியில் டவுனில் ஒரு முகாம் நடந்தது. மிச்சமிருக்கும் காலைக் கேமராவால் சுற்றிச் சுற்றி ஸ்கேன் செய்து அதே வடிவத்துக்குச் சாக்கெட் செய்து தருவதாகச் சொன்னார்கள். திருமலை போகமாட்டேன் என்றான். சந்திரம்மாள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து அவனை அனுப்பிவைத்தாள். அங்கே மேடைக்கு முன்னால் வரிசையில் உட்காரவைத்து, லுங்கியை வழித்துவிட்டு, வந்தவர் போனவரெல்லாம் ஃபோட்டோ எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் சொன்னது ஒன்றுதான்.

"இதான் கடைசி. இதுவும் செரிப்படலன்னா இன்னொருவாட்டி என்ன எங்கயும் கூப்புடாதீங்க. கட்டையோட இருந்துட்டுப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறவன் இல்லை அவன். அது கவியாவுக்கும் தெரியும், சந்திரம்மாளுக்கும் தெரியும்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் வேலூரிலிருந்து ஃபோன் வந்தது. சாக்கெட் செய்யும் கூடத்தின் டெக்னீஷியன் விமல்ராஜ்.

"மேடம், உங்க வீட்டுக்காரரு சொன்னாரு, நீங்க இந்த ஃபைல் ரிப்பேர் வேலதான் பண்றீங்கன்னு."

"ஆமா சார், சொல்லுங்க."

"ஸ்கேன வச்சி பூனாவுல டிசைன் பண்ணி அனுப்பியிருக்காங்க. எங்க சிஸ்டத்துல தொறந்தா பீஸ் பீஸா வருது. ஆட்டோ ரிப்பேர் போட்டா பாதியக் காணோம். திருப்பிக் கேட்டா முகாமுக்காரங்க வழியாத்தான் வரணுமாம், எப்ப வருமோ தெர்ல."

"எனக்கு அனுப்புங்க சார், பாத்துத் தரேன்."

"ஓட்டைய மட்டும் அடைங்க மேடம். ஷேப்ப மாத்திடாதீங்க."

"தெரியும் சார்" என்றாள் கவியா. அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. ஆறு வருஷமாக அதைத்தானே செய்கிறாள்.

ஃபைலைத் திறந்து சோதனை போட்டாள். நாற்பத்தோரு இடைவெளி, பதினேழு பழுதான துண்டு. அவள் பார்த்த குப்பைகளில் இது பாதிகூட இல்லை. கம்பெனி வேலைக்கு நடுவே இரண்டு மத்தியானம் ஒதுக்கினாள். ஓரம் ஓரமாகச் சேர்த்துக்கொண்டு வந்தவள் கீழ்ப்பகுதியில், வெளிப்புறம், ஓரிடத்தில் நின்றாள். நூல் நூலாகப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன மேடு வெளியே புடைத்துக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று வரும்போது இது மட்டும் பொருக்குத் தட்டினாற்போல இருந்தது. அச்சு வேலையில் இப்படி வந்தால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். வந்த வழியில் ஒட்டிக்கொண்ட குப்பை அது. கவியாவும் யோசிக்கவில்லை. அத்தனை துண்டையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். சுற்றியிருந்த வளைவோடு இழைந்து போகும்படி ஒரே துண்டு வைத்து மூடினாள். திரையில் ஃபைல் சாலிட் என்று காட்டியது.

இந்த இடத்தில் அவளைத் திட்டலாம். ஷேப்பை மாற்றாதே என்று அந்த மனிதர் சொல்லித்தான் கொடுத்தார். அதைவிட, அந்தக் கால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கீழே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. பதினாலு படி இறங்கி, உங்கள் காலில் இப்படி ஒரு மேடு இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் திருமலை அந்தக் காலை அவளுக்குக் காட்டியதில்லை. காலுக்கு உறை மாட்டும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். குளித்துவிட்டு வரும்போது துண்டு கீழே தரையைத் தொடும். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நாளில்கூட அவளை வெளியே நிற்கச் சொன்னான். முதலில் அவளுக்கு வருத்தமாக இருந்தது. பிறகு பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிக்கொண்டாள்.

வேலூரில் அந்த ஃபைலிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட் செய்து, அடியில் குழாயும் பாதமும் மாட்டினார்கள். போட்டுப் பார்க்க இருவரும் பஸ்ஸில் போனார்கள். விமல்ராஜ் திரையை இழுத்தபோது திருமலை வழக்கம்போல, "நீ வெளிய இரு" என்றான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"இந்த எடம் வெளுப்பாத் தெரியுதேண்ணே. அழுத்துதா?"

"இல்ல சார்."

"வலிச்சா சொல்லிடுங்க. இது மாத்தத்தான் போட்டுப் பாக்கறோம்."

"ஒண்ணும் வலிக்கல. செரியா கீது சார். எங்க வீட்டுக்காரி தச்சது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. எதிரே இருந்த அம்மாளைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தாள்.

ஒரு வாரம் வீட்டில் தினம் இரண்டு மணி நேரம் போட்டு நடக்கச் சொன்னார் விமல்ராஜ். மாடிப்படி மட்டும் கூடாது. அடுத்த திங்கள்கிழமை வந்து சரி என்று சொல்லிவிட்டால் அதே அளவில் நிரந்தரச் சாக்கெட் செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் மாற்ற முடியாது.

அந்த வாரம் மழை வரும்போல வருவதும் கலைவதுமாக இருந்தது. சந்திரம்மாள் காட்டில் பிடுங்கிய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மாடித் தளத்தில் காயப்போட்டிருந்தாள். ஈரக்காய் ஒருமுறை நனைந்தால் முளைவிட்டுவிடும். நாளுக்கு நாலுமுறை ஏறி வானத்தைப் பார்ப்பதும், திட்டுவதும், காலால் கிளறிவிட்டு இறங்குவதுமாக இருந்தாள். திருமலை ஃபோன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் காலை மாட்டிக்கொண்டு கிரிவலப் பாதைவரை போய்த் திரும்பினான். எப்படியிருக்கிறது என்று கவியா கேட்டால், "நல்லா கீது" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

வியாழக்கிழமை மத்தியானம் மலை உச்சி தெரியாமல் இருட்டிக்கொண்டு வந்தது. சந்திரம்மாள் கீழேயிருந்து சத்தம் போட்டாள்.

"கவியா, அந்த கம்ப்யூட்டர அப்டியே வுட்டுட்டு வாம்மா. மழ புடிச்சிக்கும்."

மாமியாரும் மருமகளும் தார்ப்பாயின் நாலு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது திருமலை படியேறி வருவது தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை ஒவ்வொரு படியாக வைத்து ஏறினான்.

"உன்ன யாருடா வரச் சொன்னது? மாடி ஏறக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க இல்ல?" என்றாள் சந்திரம்மாள்.

"மல்லாட்ட நனையுது, நான் டிவி பாத்துக்கினு இருக்கவா?"

பத்துப் படி ஏறியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மழை அவன்மேலேயே விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

"இன்னாடா ஆச்சு?"

"மூச்சு வாங்குது."

ஒரு தோளில் கேன் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறியவனுக்குப் பத்துப் படியில் மூச்சு வாங்குகிறது என்பதைக் கவியா நம்பினாள். ரொம்ப நாளாக ஏறாதவன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்திரம்மாள் நம்பவில்லை.

மறுநாள் காலை சந்திரம்மாள் துணி துவைக்கிற கல்லிலிருந்து ஈரக்கையோடு நேராக மாடிக்கு வந்தாள். கையில் காலுக்குப் போடும் வெள்ளை உறை இருந்தது.

"இத எங்க வச்சிருந்தான் தெரியுமா? துணி மூட்டைக்கு அடியில சுருட்டி வச்சிருந்தான். பாரு."

உறையின் கீழ்ப்பகுதியில், வெளிப்புறம், பழுப்பேறிய ஒரு வட்டம். நடுவில் இன்னும் சிவப்பு இருந்தது.

"நீ கேட்டா சொல்லமாட்டான். அவன் பொண்டாட்டி செஞ்சதுல கொற சொல்லமாட்டான். மொத காலு யாரோ செஞ்சது, பரண்ல தூக்கிப் போட்டான். இத போட்டுக்கினே சாவான்." சந்திரம்மாள் உறையை அவள் கையில் வைத்தாள். "இன்னா பண்ணுவியோ, நீயே பாரும்மா."

அவள் இறங்கிப் போனபிறகு கவியா உறையை மேசைமேல் விரித்தாள். விமல்ராஜ் அனுப்பிய முதல் ஃபைலைத் திறந்து, தான் மூடிய ஃபைலைப் பக்கத்தில் வைத்தாள். வட்டம் இருந்த இடத்துக்குத் திருப்பினாள். தன்னுடையதில் வழவழவென்று இருந்தது. பழையதில் அந்த மேடு இருந்தது. அளந்தாள். ஒன்பது மில்லி. ஏதோ குப்பை என்றால் அது இத்தனை ஒழுங்காக உருண்டையாக இருக்காது என்பது இப்போது பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இன்னும் மூன்று நாளில் இதையே நிரந்தரமாகச் செய்துவிடுவார்கள்.

திருமலை கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். கவியா எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, காலக் காட்டுங்க."

"எந்தக் கால?"

"வெட்டின கால."

அவன் தாளை மடித்தான். "இன்னாத்துக்கு?"

"பாக்கணும்."

"டாக்டர் பாத்தாச்சு, விமல்ராஜ் பாத்தாச்சு, முகாம்ல ஊரே பாத்துச்சு. நீ ஒருத்தியாவது பாக்காதவளா இரேன்."

"நான் பாக்காததாலதான் உங்களுக்கு ரத்தம் வருது."

"யாரு சொன்னது? அம்மாவா? புதுக்காலுன்னா ரெண்டு நாளைக்கு அப்டித்தான் இருக்கும், பழகிப்பூடும்."

"பழகாது. தப்பு என்னுது. உங்க கால்ல இருக்கற ஒண்ண நான் ஃபைல்ல அழிச்சிட்டேன். அது எங்க இருக்குது, எவ்வளவு இருக்குதுன்னு எனக்குத் தெரியணும். நீங்க காட்டலன்னா, இப்பவே வேலூருக்கு ஃபோன் பண்ணி நான் போட்ட ஃபைல குப்பையில போடச் சொல்லிடுவேன். நெசமாத்தான் சொல்றேன்."

அவன் வாசல் பக்கம் திரும்பினான். பாதையில் செருப்பில்லாமல் நாலைந்து பேர் மலையைப் பார்த்தபடி போனார்கள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னான். அவள் சாத்திவிட்டு வந்தாள். லுங்கியை மடித்து முட்டிக்குமேல் ஏற்றினான்.

அவள் என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தாள். அது ஒரு கால். முட்டிக்குக் கீழே சூம்பி, நுனியில் தையல் போட்ட தழும்போடு முடிந்துபோன கால். வெளிப்புறத்தில், வெட்டிய எலும்பின் ஓரத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு முளைத்திருந்தது. அதன் தலையில் தோல் உரிந்து கன்றியிருந்தது. கவியா டிப்ளமோ படித்த காலத்து, மில்லிக் கணக்கில் அளக்கிற வெர்னியரை எடுத்து வந்திருந்தாள். ஆனால் முதலில் விரலைத்தான் வைத்தாள்.

"இதானே?"

"ம்." அவன் பல்லைக் கடித்தான். "மெதுவா."

வெர்னியர் ஏழு காட்டியது. ஃபைலில் ஒன்பது. முடிச்சு ஏழு, அது இடிக்காமல் இருக்க இரண்டு மில்லி காலி இடம். பூனாவில் முகம் தெரியாத ஒருவர் இந்த முடிச்சைப் பார்த்து, இதற்கு வலிக்கும் என்று யோசித்து, இடம் விட்டு வரைந்திருக்கிறார். ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கிற அவளுக்கு இது இருப்பதே தெரியவில்லை. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டாள்.

"நான்தான் மாமா அழிச்சேன். குப்பைன்னு நெனச்சிட்டேன்."

திருமலை அவள் தலைமேல் கைவைத்தான்.

"நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். "அதான் உனுக்குக் காட்டல."

விமல்ராஜுக்கு உடனே ஃபோன் போட்டாள். ஓரிடத்தில் வடிவத்தை மாற்றிவிட்டேன் என்று சொல்வது அவளுக்கு லேசாக இல்லை. கம்பெனியில் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் சொல்ல நேர்ந்ததில்லை.

"வெளுப்ப நான் பாத்தேன் மேடம்" என்றார் விமல்ராஜ். "அவரு வலிக்கலன்னு சொன்னாரு, நானும் வுட்டுட்டேன். புண்ணு ஆறட்டும். வேற ஃபைல் கொடுங்க, இன்னொரு சோதனை போட்டுடலாம்."

அன்று மத்தியானம் கவியா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதல் ஃபைலிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள். திருமலை மாடிக்கு வந்தான். செயற்கைக்காலை மாட்டாமல், படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்து, அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். லுங்கியை அவனே மடித்துவிட்டுக்கொண்டான். அவள் ஒரு கண் திரையிலும் ஒரு கண் காலிலுமாக வேலை செய்தாள். மேட்டைச் சுற்றிச் சுருண்டு கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது கால், இது குப்பை என்று பிரித்தாள். எடுக்க வேண்டியவை நாலுதான். மீதி எட்டும் வேண்டியவை. அவற்றின் ஓரங்களைப் பக்கத்துத் துண்டோடு கையாலேயே சேர்க்க வேண்டியிருந்தது.

"தெனமும் இதத்தான் பண்றியா?"

"ஆமா."

"கண்ணு போயிடாதா?"

"போவும். அப்ப நீங்க என்ன வண்டியில கூட்டிக்கினு சுத்துங்க."

"இதுல என் காலு எங்க கீது? எனுக்கு ஏதோ சட்டி மாதிரி தெரியுது."

"சட்டிதான். உள்ள இருக்கற காலி எடந்தான் உங்க காலு."

சந்திரம்மாள் வேகவைத்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். மகன் காலைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததாகவே காட்டிக்கொள்ளாமல், "ஆறிடும், துன்னுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பாதிப் படியில் அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

புண் ஆற இரண்டு வாரம் ஆனது. புதிய சோதனைச் சாக்கெட்டைப் போட்டுப் பார்க்கப் போன அன்று வேலூரில் நல்ல வெயில். விமல்ராஜ் திரையை இழுக்கப் போனபோது திருமலை, "இருக்கட்டும் சார், அவளும் பாக்கட்டும்" என்றான். கவியா பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வந்து ஓரமாக நின்றாள்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே திருமலை நடந்தான். முதலில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரு கையால், பிறகு பிடிக்காமல். கோடி வரை போய்த் திரும்பினான். சாக்கெட்டின் வெளிப்புறத்தில் அந்த மேடு கண்ணாடி வழியே தெரிந்தது. உள்ளே தோல் வெளுக்கவில்லை.

"எப்டிண்ணே இருக்கு?" என்றார் விமல்ராஜ்.

திருமலை இன்னொருமுறை கோடி வரை போய்வந்தான். நின்று முட்டியை மடக்கிப் பார்த்தான். மறுபடியும் நல்லா கீது என்று சொல்லிவிடுவானோ என்றுதான் கவியாவுக்குப் பயம்.

"அந்த எடம் இடிக்கல சார்" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஆனா பின்னாடி, மேல் ஓரம், முட்டிய மடக்குனா அறுக்குது. அது ஜாஸ்தியா கீது. கம்மி பண்ணணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த எதையும் அவன் குறை சொன்னதில்லை. குழம்பில் உப்பு ஏறினாலும் தின்றுவிட்டு எழுந்து போகிறவன். இப்போது நாலுபேர் முன்னால் அவள் வேலையில் குறை சொல்கிறான். கவியாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், சாலிட் என்று திரையில் எத்தனையோ முறை பார்த்தபோதெல்லாம் வந்ததில்லை.

அவள் பையிலிருந்து பேனாவும் நோட்டும் எடுத்தாள்.

"எத்தினி மில்லி மாமா கம்மி பண்றது?"

"அது எனுக்கு எப்டித் தெரியும்?" என்றான் திருமலை. "கிட்ட வந்து பாத்துச் சொல்லு."